கதவைத் தட்டிய எழுபத்திரண்டாம் இலக்கம்

1986ஆம் ஆண்டுக் கோடைகாலம். மேற்கு ஜேர்மனியில், றூர் பகுதியிலுள்ள ஒரு சுரங்க நகரத்தில் இது நடந்தது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஊரை விட்டு வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எங்களைத் தங்கவைத்திருந்த இடத்தை ‘ஹைம்’ என்போம். மூடிப்போன ஒரு பழைய பள்ளிக்கூடம் அது. வகுப்பறைகளைப் பலகையால் மறித்து, ஒரு மறிப்புக்குள் இரண்டு பேர், மூன்று பேர் என்று விட்டிருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. நகர எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. சமைப்பதும், சாப்பிடுவதும், தபால்காரரை எதிர்பார்ப்பதும்தான் சீவியம்.

என் அறையில் என்னோடு ஒரு அண்ணை இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே மினிபஸ் ஓட்டியவர். மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். வாய் நிறையப் பகிடி. ஆனால் தன் கஷ்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லமாட்டார்.

ஹைமுக்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானம் இருந்தது. அங்கே ஒரு கழகம் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடியது. ஊரில் நாங்கள் விளையாடிய உதைபந்தாட்டம் இல்லை. தலைக்கவசம், முகத்துக்குக் கம்பி, தோளுக்குப் பெரிய காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கூர்ந்த ஒரு பந்துக்காக ஆட்கள் மோதி விழும் விளையாட்டு. முதல் நாள் வேலியோரம் நின்று பார்த்தபோது அண்ணைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“தம்பி, பந்து அங்கால போகுது. இவங்கள் ஏன்ரா இஞ்சால நிண்டு ஆளை ஆள் தள்ளுறாங்கள்?” என்று கேட்டார்.

எனக்கும் விளங்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வேறு என்னதான் இருந்தது எங்களுக்குப் பார்க்க?

அந்த வருடம்தான் அந்த அணி கீழ்ப்பிரிவில் வென்று நாட்டின் முதற்பிரிவுக்கு ஏறியிருந்தது. அமெரிக்காவிலிருந்து சம்பளத்துக்கு இரண்டு ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மற்ற எல்லோரும் அந்த நகரத்துப் பெடியன்கள்தான். பகலில் ஒரு வேலை, பின்னேரம் பயிற்சி. கடைக் கண்ணாடிகளிலெல்லாம் அணியின் படம் ஒட்டியிருந்தது. பேக்கரியில் பாண் வாங்கப் போனாலும் அதே பேச்சு.

முதற்பிரிவில் அவர்களுடைய முதல் ஆட்டத்தன்று நான் வழமைபோல வேலியோரம் நின்றேன். ரிக்கெட் கிழிப்பது, சொசேஜ் விற்பது, காயத்துக்கு ஐஸ் வைப்பது என்று கழகத்தின் எல்லா வேலையையும் ஓடியோடிச் செய்யும் ஒரு பெண்மணி என்னைக் கண்டு கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் பயந்துபோய், வேலியோரம் நிற்பது பிழையாக்கும் என்று திரும்பி நடக்கத் தொடங்கினேன். அவர் ஓடிவந்து, ஒரு செம்மஞ்சள் மேற்சட்டையை வேலிக்கு மேலால் என் கையில் திணித்தார். சங்கிலி பிடிக்கும் ஆள் ஒருவர் வரவில்லையாம்.

சங்கிலி என்றால் பத்து யார், அதாவது முப்பது அடி, நீளச் சங்கிலி. இரண்டு நுனியிலும் ஆளுயரக் கம்பங்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் அந்தப் பத்து யாரைத் தாண்ட வேண்டும்; இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தாண்டியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நடுவர் எங்களைக் கூப்பிட்டு அளந்து பார்ப்பார். கோட்டுக்கு வெளியே நின்று, முன்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பந்தோடு சேர்ந்து நகர்வதுதான் என் வேலை. ஆட்டம் முடிந்ததும் ஒரு சொசேஜும் கோலாவும் தருவார்கள். அன்று அவர்கள் படுதோல்வி அடைந்தார்கள். எனக்கோ, ஜேர்மனிக்கு வந்த பிறகு முதல் தடவையாக யாரோ ஒருவருக்கு நான் தேவைப்பட்டேன் என்ற சந்தோசத்தில் நித்திரையே வரவில்லை.

அதன் பிறகு சொந்த மைதானத்தில் நடந்த எல்லா ஆட்டங்களுக்கும் நானே கம்பம் பிடித்தேன். என் பெயர் அவர்களுடைய வாயில் நுழையவில்லை. சங்கிலிக்கு ஜேர்மன் மொழியில் ‘கெற்ற’. அதுவே என் பெயராயிற்று. இதைக் கேட்ட அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். “சங்கிலி எண்டா யாழ்ப்பாணத்து ராசாவின்ர பேரடா. தெரியாத்தனமா உனக்கு முடி சூட்டிப்போட்டாங்கள்!”

அந்த அணியில் எழுபத்திரண்டாம் இலக்கச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். மலை மாதிரி ஆள். அவர் பந்தையே தொடுவதில்லை. பந்தை எறிபவனை அடிக்க வருபவர்களை மறித்து நிற்பதுதான் அவருடைய வேலை. எதிரணிக்காரர்களை அப்படியே தூக்கி எறிவார். ஒரு தடவை இரண்டு பேர் கோட்டைத் தாண்டி என்மேல் வந்து விழப்போக, இடையில் பாய்ந்து என்னைச் சட்டையோடு பிடித்து இழுத்துவிட்டார். அவருடைய கைகளைப் பார்த்து, ஆள் இறைச்சிக்கடைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். தோல்விக்கு மேல் தோல்வியாகப் போய், ஒருநாள் ஒரு ஆட்டத்தை வென்றபோது, அவர் என்னைக் கம்பத்தோடு சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். “கெற்ற! கெற்ற!” என்று சனம் கத்தியது. மேலே இருந்தபடி வேலியோரம் பார்த்தேன். அண்ணை புல்லில் குந்தியிருந்து கையை ஆட்டினார்.

அந்தக் கோடையில்தான் அண்ணையின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடும் சரிவரவில்லை. “தமிழாக்களை இப்ப திருப்பி அனுப்பமாட்டினம், சும்மா வெருட்டிறதுதான்” என்று ஹைமில் எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பினோம். நம்பாமல் அந்த அறையில் படுத்து எழும்ப முடியாது. அண்ணை மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். கேட்டால், “சாப்பாடு சரியில்லையடா. வாயு” என்பார்.

அணிக்கு இன்னும் ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. அதில் வென்றால் முதற்பிரிவில் நிலைக்கலாம். தோற்றால், ஏறிய முதல் வருடத்திலேயே திரும்ப இறங்க வேண்டும். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, நிலம் வெளிக்கும் அதிகாலை நேரம், எங்கள் கதவைத் தட்டினார்கள்.

அது பக்கத்து அறைக்காரன் தட்டும் தட்டல் இல்லை. எனக்கு உடனே விளங்கியது. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் கையில் கோப்போடு குடிவரவு அலுவலகக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் இளம் பொலிஸ்காரர் ஒருவர். அவருக்கும் பின்னால், நிலைப்படியில் தலை முட்டாமல் குனிந்துகொண்டு, பச்சைச் சீருடையில் எழுபத்திரண்டாம் இலக்கம்.

ஊரில் சீருடைக்காரர் வீட்டுக்குள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட இப்படித் திகைத்தது இல்லை. ஏனென்றால் அவர்களில் யாரும் என்னைத் தோளில் தூக்கியவர்கள் இல்லை. தலைக்கவசத்துக்குள் பார்த்துப் பழகிய அதே நீலக் கண்கள். சிரிப்பு மட்டும் இல்லை. ‘கெற்ற’ என்று கூப்பிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“காலை வணக்கம். நீங்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள்” என்றார்.

மைதானத்தில் எப்போதும் ‘நீ’. அன்று ‘நீங்கள்’. அந்த மரியாதைச் சொல் என்னை அறைந்த மாதிரி இருந்தது.

அலுவலகக்காரர் அண்ணையின் பெயரை வாசித்தார். விமானம் மத்தியானம் என்றும், ஒரு பெட்டிக்குள் உடுப்பை அடுக்கும்படியும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் யாரும் வந்திருக்கவில்லை. நான்தான் தமிழில் சொன்னேன். அண்ணை கட்டிலில் எழும்பி இருந்தார். தலையணைக்கு அடியிலிருந்த பிள்ளைகளின் படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். குனிந்து பெட்டியை இழுத்தவர், பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எழுபத்திரண்டாம் இலக்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, “அவருக்குச் சுகமில்லையா என்று கேளுங்கள்” என்றார்.

கேட்டேன்.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொல்லு” என்றார் அண்ணை, நிமிராமலே.

நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பெரிய மனிதர் திரும்பவும் கேட்டார். “நெஞ்சு நோகிறதா? கை நோகிறதா? வடிவாகக் கேளுங்கள்.” என் கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆள் எங்களுக்கு வழி காட்டுகிறார்! நோகிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வேன் என்கிறார்! அண்ணைக்கு அது விளங்கவில்லை.

“சொல்லு தம்பி. போற நேரத்தில நோஞ்சான் எண்டு நினைக்கவேண்டாம். நான் நல்ல சுகம்.”

நான் ஜேர்மன் மொழியில் சொன்னேன்: “ஓம். நெஞ்சு நோகிறதாம். இடது கையும் நோகிறதாம். கன நாளாக.”

இளம் பொலிஸ்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அலுவலகக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். “எல்லாரும் கடைசி நேரத்தில் இப்படித்தான் சொல்வார்கள். விமானத்தை விட முடியாது” என்றார்.

“டொக்டர் பார்க்காமல் நான் இவரை விமான நிலையத்துக்கு ஏற்றமாட்டேன்” என்றார் எழுபத்திரண்டாம் இலக்கம். சத்தம் போடவில்லை. ஆனால் கதவை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றார். “என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.”

கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அலுவலகக்காரர் கோப்பை மூடினார். மொழிபெயர்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு வாகனம் வைத்தியசாலைக்குப் புறப்பட்டது.

பின்னிருக்கையில் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

“பிளேனுக்குப் போற வழி இதே?”

“இல்லையண்ணை. ஆஸ்பத்திரிக்கு. உங்களுக்கு நெஞ்சுநோ எண்டு சொல்லிப்போட்டன். இடது கையும் நோகுதாம் எண்டனான். கோவிக்காதேங்கோ. அங்க போய் நோகுதெண்டு சொல்லுங்கோ, காணும்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

“அதை உனக்கு ஆரடா சொன்னது?” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“கை நோகிறது உனக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே.”

வாகனம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நான் பொய் என்று நினைத்துச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு வருடமாக அவரோடு படுத்து எழும்பினேன். இரவில் அவர் நெஞ்சில் தைலம் பூசும் மணம் எனக்குப் பழகிப்போன மணம். வாயு என்றார், நானும் வாயு என்று நம்பினேன்.

வைத்தியசாலையில் அவரைச் சோதித்த டொக்டர் வெளியே வந்தபோது அவருடைய நடையே மாறியிருந்தது. சில நாட்களுக்கு முன்பு ஒரு மாரடைப்பு வந்துபோயிருக்கிறதாம். இன்னொரு இரத்தக்குழாயும் ஏறக்குறைய அடைபட்ட நிலையில் இருக்கிறதாம். இந்த நிலையில் அவ்வளவு நீண்ட பயணம் போயிருந்தால் உயிரோடு போய்ச் சேர்ந்திருப்பாரா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அலுவலகக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் நடைபாதைச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. நான் அண்ணையின் கட்டிலருகே இருந்தபோது கதவு திறந்தது. சாதாரண உடுப்பில், கையில் ஒரு பை கொடிமுந்திரிகைப் பழத்தோடு எழுபத்திரண்டாம் இலக்கம் வந்து நின்றார். வயர்களுக்கு நடுவே படுத்திருந்த அண்ணை என்னைப் பார்த்து, “எடேய், என்னைப் பிடிக்க வந்தவன் பழத்தோட வாறான்” என்றார். சிரிக்க வெளிக்கிட்டு, நெஞ்சு நோக, நிறுத்திக்கொண்டார். வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழத்தை மேசையில் வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் அந்தப் பெரிய உடம்பைச் சுவரோரம் ஒடுக்கிக்கொண்டு நின்றார்.

போகும்போது நடைபாதை வரைக்கும் அவரோடு போனேன். அவருடைய கையைப் பிடித்து, “உன் தந்திரத்துக்கு நன்றி. உன்னாலேதான் அவர் பிழைத்தார்” என்றேன்.

“என்ன தந்திரம்?” என்றார்.

“சுகமில்லையா என்று எனக்குச் சாடை காட்டினாயே, அது.”

அவர் தலையை ஆட்டினார். “நான் சாடை ஒன்றும் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டேன். குளிர்காற்று அடித்த ஒரு நாள், வேலியோரம் அவர் வியர்த்து ஊற்றிக்கொண்டு புல்லில் இருந்ததைக் கண்டேன். எப்போது பார்த்தாலும் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார், சுரங்கத்தில் நெஞ்சடைத்து விழுந்து சாகும் வரைக்கும். நேற்று அறைக்குள் வந்து பார்த்தபோதுதான் அது அவர் என்று தெரிந்தது.”

நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன்.

“அவர் சுகமாக இருந்திருந்தால்?”

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“விமான நிலையத்துக்குக் கொண்டுபோயிருப்பேன்” என்றார். “அது என் வேலை.”

பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். அவரும் திரும்பக் கையை நீட்டவில்லை. படியில் இறங்கிப் போனார். வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தபோது இருந்ததைவிட அதிகமாக நான் திகைத்து நின்றது அப்போதுதான். அழுவதா, ஆத்திரப்படுவதா, நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். அண்ணைதான் கலைத்து அனுப்பினார். “போய்ச் சங்கிலியைப் பிடியடா. அந்தப் பெம்பிளை உன்னைத் தேடித் திரியப்போகுது. நான் எங்கயும் ஓடமாட்டன்.” போனேன். மழை தூறியது. மைதானம் சேறு. எழுபத்திரண்டாம் இலக்கத்தின் பக்கம் நான் பார்க்கவேயில்லை.

ஆட்டம் முடிய இன்னும் ஒரு நிமிடமே. எங்கள் அணிக்காரர் ஒரு சில புள்ளிகள் பின்னால் நின்றார்கள். கடைசி முயற்சியில் எல்லோரும் ஒன்றாகத் தள்ளி, குவியலாக விழுந்தார்கள். பத்து யார் தாண்டியதா என்று சொல்ல முடியவில்லை. நடுவர் எங்களைக் கூப்பிட்டார். சங்கிலியோடு நடுவுக்கு ஓடினோம். அவ்வளவு சனமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பந்துக்குப் பக்கத்தில் சேற்றில் முழங்காலில் இருந்த எழுபத்திரண்டாம் இலக்கம், என் கையிலிருந்த கம்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

சங்கிலியை இழுத்து, கம்பத்தை நேராக ஊன்றினேன். பந்து ஒரு கையகலம் பின்னால் கிடந்தது.

நடுவர் எதிரணியின் பக்கம் கையைக் காட்டினார். ஆட்டம் போயிற்று. முதற்பிரிவும் போயிற்று. என்னை வேலியோரத்திலிருந்து கூப்பிட்ட அந்தப் பெண்மணி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சம்பளத்துக்கு வந்த அமெரிக்கர் இருவரும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே போனார்கள். எழுபத்திரண்டாம் இலக்கம் மட்டும் சேற்றோடு என்னிடம் வந்தார். “தூரம் போதாமல்தான் போனது. சரியாகத்தான் பிடித்தாய், கெற்ற” என்றார். பிறகு, “நாளைக்கு வைத்தியசாலைக்கு வரலாமா?” என்று கேட்டார். அனுமதி கேட்கும் குரல்.

“வா” என்றேன்.

அண்ணைக்கு அந்த மாதமே இருதய சத்திரசிகிச்சை நடந்தது. பயணம் செய்ய முடியாது என்று டொக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சட்டத்தரணி வழக்காட, முதலில் தற்காலிகமாகவும் பிறகு நிரந்தரமாகவும் இருக்கவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மூத்த மகளின் கலியாணத்தில், வேட்டி கட்டத் தெரியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரர் யாரென்று எல்லோரும் விசாரித்தார்கள். “என்னைக் கைது செய்தவர்” என்று அண்ணை பெருமையாக அறிமுகப்படுத்தினார்.

அண்ணையைப் போல அதை லேசாகச் சிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. எழுபத்திரண்டாம் இலக்கம் காப்பாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். சுகமாக இருந்த காரணத்தால் அவருடைய கையால் விமானம் ஏறிப்போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, நான் அதை அவரிடம் கேட்டதும் இல்லை. இன்றும் சீருடை போட்ட ஒருவர் எதிரே வந்தால் என் நெஞ்சு ஒருமுறை திடுக்கிடும். அடுத்த கணம் கண் தானாக அங்கே எழுபத்திரண்டாம் இலக்கத்தின் முகத்தைத் தேடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பயத்தையா இந்தத் தேடலையா, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.